ரவை எங்கே இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கைத்துப்பாக்கி பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். காவல் வேலைக்குப் புதிதாகப் போனவர், அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர், கதை எழுதுபவர், காணி கொத்தும்போது எதையோ கண்டவர் என்று கேட்டவர்கள் பலவகை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியும் நீண்டவற்றைச் சுருக்கியும் தந்திருக்கிறோம்.

தனியார் காவல் நிறுவனமொன்றில் சேர்ந்திருக்கிறேன். பயிற்சியில் ரிவோல்வரும் பிஸ்ரலும் காட்டினார்கள். இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன? எது நம்பகமானது?
– வாசகர், வவுனியா

ரவை எங்கே காத்திருக்கிறது, அதைக் குழலுக்கு நேரே கொண்டுவருவது எது என்ற இரண்டையும் பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

ரிவோல்வரில் ரவைகள் ஒரு சுழல் உருளைக்குள் இருக்கும். பெரும்பாலும் ஆறு அறை, சிறியவற்றில் ஐந்து. விசையை இழுக்கும் உங்கள் விரல்பலம்தான் உருளையைச் சுற்றுகிறது, சுத்தியலைப் பின்னே தூக்குகிறது, கடைசியில் விடுவிக்கிறது. இத்தனை வேலையையும் விரலே செய்வதால் விசை கனமாக இருக்கும்: ஏறக்குறைய நாலரை முதல் ஐந்தரை கிலோ. சுத்தியலைப் பெருவிரலால் முன்கூட்டியே பின்னுக்கு இழுத்துவைத்தால் அதே விசை இரண்டு கிலோ அளவுக்கு இளகிவிடும். குறி நன்றாக அமையும், கைதவறி வெடிக்கும் வாய்ப்பும் கூடும். காவல் வேலையில் சுத்தியலை இழுத்துவைத்துக்கொண்டு நிற்பது கூடவே கூடாது.

பிஸ்ரலில் ரவைகள் பிடிக்குள் செருகும் மகசினில் அடுக்கப்பட்டிருக்கும். முதல் ரவையை, ஸ்லைட்டை (பிஸ்ரலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பாகம்) இழுத்து விட்டு நீங்கள் ஏற்ற வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு வெடியின் பின்னுதைப்பும் ஸ்லைட்டைப் பின்னே தள்ளும், வெற்றுக்கோதை வெளியே எறியும், ஸ்பிறிங் ஸ்லைட்டை முன்னே கொண்டுவரும்போது அடுத்த ரவை குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் ஏறும்.

பிஸ்ரலிலும் இரண்டு சாதி உண்டு. மகரோவ், வால்தர் பிபிகே போன்றவற்றில் குழல் அசையாது. ஸ்லைட்டின் பாரமும் ஸ்பிறிங்கின் இறுக்கமும் மட்டுமே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. மகரோவின் 9×18 ரவைக்கு உச்ச அழுத்தம் 1,600 பார் (அழுத்த அலகு) அளவு என்பதால் அதற்கு இந்த ஏற்பாடு போதும். 9×19 ரவைக்கோ அது 2,350 பார். அதனால் பிறவுணிங், கிளொக் போன்றவற்றில் குழலும் ஸ்லைட்டும் ஒன்றோடொன்று பூட்டியபடி சில மில்லிமீற்றர் பின்னே போகும். அதற்குள் சன்னம் (ரவையிலிருந்து பறந்து போகும் முனை) குழலை விட்டுப் போய், அழுத்தமும் இறங்கிவிடும். பிறகு குழலின் பின்பக்கம் சற்றுக் கீழே தாழ்ந்து பூட்டு விலகும். பிஸ்ரலைக் கழற்றிப் பார்த்தவர்கள் குழல் ஆடுகிறதே, பழுதோ என்று பயப்படுவது இதனால்தான். அது ஆடத்தான் வேண்டும்.

நம்பகம் என்றால்: ரவை வெடிக்காவிட்டால் ரிவோல்வரில் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும், பிஸ்ரலில் ஸ்லைட்டைக் கையால் இழுக்க வேண்டும். அந்த வகையில் ரிவோல்வர் மேல். ஆனால் ரிவோல்வர் உள்ளே பழுதானால் அந்த இடத்தில் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. பிஸ்ரலின் பெரும்பாலான சிக்கல்களைக் கையாலேயே தீர்க்கலாம். எதைத் தருகிறார்களோ அதன் உள்வேலையைப் படியுங்கள், அதுதான் உங்களுக்கு நம்பகமானது.

மகசினைக் கழற்றிய பிறகும் துப்பாக்கி வெடித்து ஆள் காயம் என்று செய்தியில் வருகிறதே, அது எப்படி?
– வாசகர், ஒட்டுசுட்டான்

மகசின் போனால் போவது மகசினில் உள்ள ரவைகள்தான். அறைக்குள் ஏற்கெனவே ஏறிய ஒரு ரவை அங்கேயே இருக்கும். பிறவுணிங் ஹைபவர் போன்ற சிலவற்றில் மகசின் இல்லாவிட்டால் விசை வேலை செய்யாதபடி ஒரு தடுப்பு உண்டு. கிளொக், மகரோவ், பெரெற்றா 92 ஆகியவற்றில் அது கிடையாது. ஒன்றில் பழகிய கை மற்றதில் ஏமாறும்.

வெறுமையாக்கும் ஒழுங்கு இது. விரல் விசைக்கு வெளியே, குழல்வாய் ஆளில்லாத பக்கம். முதலில் மகசினை எடுத்துத் தள்ளி வையுங்கள். பிறகு ஸ்லைட்டை முழுதாகப் பின்னே இழுத்து, விழும் ரவையை விழ விடுங்கள். ஸ்லைட்டைப் பின்னே பூட்டி அறைக்குள் கண்ணால் பாருங்கள், இருட்டாயிருந்தால் சின்னவிரலை விட்டுத் தடவுங்கள். மகசின் செருகும் வழியையும் பாருங்கள்.

இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்வதுதான் பெரும்பாலான விபத்துக்குக் காரணம். மகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைட்டை இழுத்தால் அறையில் இருந்த ரவை வெளியே விழும், விட்டவுடன் மகசினிலிருந்து இன்னொன்று ஏறிவிடும். ரவை விழுந்ததைக் கண்ணால் கண்டவர் வெறுமை என்று நம்பி மகசினைக் கழற்றி விசையை இழுக்கிறார். கிளொக்கில் இது இன்னும் கவனம் வேண்டியது, ஏனென்றால் அதைத் துப்புரவுக்குக் கழற்ற முன்பு விசையை ஒருமுறை இழுத்துத்தான் ஆகவேண்டும். பார்க்காமல் கழற்றப்போனவர்கள் சொந்த உள்ளங்கையைச் சுட்டிருக்கிறார்கள்.

ரிவோல்வரில் உருளையைத் திறந்து எல்லா அறையையும் எண்ணிப் பார்த்தால் போதும். பழைய வகை ரிவோல்வர்களில் சுத்தியலின் மூக்கு நேரே ரவையின் கேப்பில் (அடிபட்டதும் தீப்பற்றும் அடிப்பகுதி) சாய்ந்து நிற்கும். கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் வெடிக்கும். அதற்காகத்தான் அந்தக் காலத்தவர்கள் சுத்தியலுக்கு நேரான அறையை வெறுமையாக விட்டு ஐந்தை மட்டும் போட்டார்கள். இப்போதைய தயாரிப்புகளில் விசை முழுதாக இழுபட்டால் மட்டுமே விலகும் தடுப்பு இருக்கிறது.

சிறுகதை எழுதுகிறேன். “கிளொக்கின் சுத்தியலை இழுத்தான்”, “ரிவோல்வரில் சைலன்சரைப் பூட்டினான்” என்று எழுதியதைப் பார்த்து நண்பர் சிரிக்கிறார். என்ன பிழை?
– வாசகர், கிளிநொச்சி

நண்பர் சிரித்தது சரி. கிளொக்கில் வெளியே தெரியும் சுத்தியல் இல்லை. உள்ளே ஸ்பிறிங்கில் ஓடி ரவையின் கேப்பை அடிக்கும் ஊசி மட்டும்தான். அதற்குக் கைப்பூட்டும் கிடையாது, விசைக்கு நடுவே இன்னொரு சின்ன விசை இருக்கும், அதுதான் பூட்டு.

ரிவோல்வரில் உருளைக்கும் குழலுக்கும் இடையில் 0.1 முதல் 0.2 மி.மீ இடைவெளி உண்டு. வாயுவும் சத்தமும் அதன் வழியே பக்கவாட்டில் பீறிடும், நுனியில் எதைப் பூட்டியும் பயனில்லை. விதிவிலக்கு 1895ஆம் ஆண்டு ரஷ்ய நாகன்ற். அதில் சுடும் தருணத்தில் உருளை முன்னே நகர்ந்து இடைவெளியை மூடிவிடும், ஏழு ரவை வேறு. அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பிடித்தால் விரல் கிழியும் என்பதையும் உங்கள் கதாபாத்திரத்துக்குச் சொல்லிவையுங்கள்.

இன்னும் சில: ரிவோல்வர் கோதை வெளியே எறியாது, எனவே சம்பவ இடத்தில் பொலிசார் கோது பொறுக்க மாட்டார்கள். பிஸ்ரலில் கடைசி ரவை போனதும் பெரும்பாலானவற்றில் ஸ்லைட் பின்னே நின்றுவிடும். “கிளிக் கிளிக்” என்று வெறும் விசையைத் தட்டிக்கொண்டிருக்கும் காட்சி ரிவோல்வருக்கே பொருந்தும். திறந்த உருளையை மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டி மூடுவது படத்துக்கு அழகு, ஆனால் உருளையைத் தாங்கும் கை வளைந்து, அறை குழலுக்கு நேரே நிற்காமல் போகும்.

பிரித்தானியர் காலத்துப் பொலிஸ் வருகிற கதை என்றால் வெப்லி பொருத்தம். மேலே உள்ள தாழ்ப்பைப் பெருவிரலால் தள்ளினால் துப்பாக்கி நடுவே மடிந்து, ஆறு கோதும் ஒரேயடியாக எழும்பி விழும்.

.38, 9 மி.மீ எல்லாம் ஒரே அளவுதான், மாற்றிப் போடலாம் என்கிறார்களே?
– வாசகர், செட்டிகுளம்

போடக்கூடாது. .38 ஸ்பெஷலின் சன்னம் உண்மையில் 0.357 அங்குலம், அதாவது 9.07 மி.மீ. 9×19 சன்னம் 9.01. மகரோவின் சன்னமோ 9.27. அளவில் பக்கம் பக்கமாகத் தெரிந்தாலும் கோதின் நீளம், விளிம்பு, அழுத்தம் மூன்றும் வேறு. குழலின் மேலோ ஸ்லைட்டிலோ என்ன பொறித்திருக்கிறதோ, ரவையின் அடியில் அல்லது பெட்டியில் அதே பெயர் இருக்க வேண்டும். “ஏறுகிறதே” என்பது அத்தாட்சி அல்ல.

அனுமதிப்பத்திரத்தோடு 9 மி.மீ பிஸ்ரல் ஒன்று வைத்திருக்கிறோம். வீடு கடலுக்குக் கிட்ட. எவ்வளவு துடைத்தாலும் கறள் வருகிறது. எப்படிப் பராமரிப்பது?
– வாசகர், முல்லைத்தீவு

உங்கள் ஊரில் உப்புக்காற்று, உள்ளுக்குப் போனால் கச்சான் காலத்துச் செம்மண் தூசு. இரண்டுக்கும் மருந்து எதிரெதிரானது: உப்புக்கு ஒயில் வேண்டும், தூசுக்கு ஒயில் ஆகாது. எங்கே பூசுவது, எங்கே பூசாமல் விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேலே சொன்னபடி வெறுமையாக்குங்கள். ரவைகளை வேறு அறையில் வையுங்கள், துப்புரவு மேசையில் ஒரு ரவைகூட இருக்கக்கூடாது. யன்னலைத் திறந்துவிட்டு, கைநூலில் உள்ளபடி ஸ்லைட், குழல், ஸ்பிறிங், சட்டகம் என்று நான்காகப் பிரிக்கலாம். அதற்கு மேல் ஆணி கழற்ற வேண்டாம்.

குழலை எப்போதும் அறைப்பக்கத்திலிருந்து நுனிக்குத் தள்ளித் துடையுங்கள். சொல்வன்ற் (கரியைக் கரைக்கும் திரவம்) நனைத்த துண்டுச்சீலையை ஒருமுறை ஓட்டி, பத்து நிமிடம் ஊற விடுங்கள். அதன்பின் அளவுக்கேற்ற வெண்கலப் பிறஷ்ஷைப் பத்துத் தடவை முழுதாக வெளியே வரும்வரை தள்ளி இழுக்கவும். நடுவில் திருப்பினால் பிறஷ்ஷின் மயிர் மடங்கும். உருக்குப் பிறஷ் வேண்டாம், குழலின் உட்சுவரில் வெட்டிய புரி தேயும். பிறகு உலர் சீலை, அது வெள்ளையாக வெளியே வரும்வரை. அமோனியா கலந்த சொல்வன்ற் என்றால் சீலையில் நீலப்பச்சை தெரியும், அது செப்புப் படிவு கரைந்து வருவது. நிக்கல் பூசிய துப்பாக்கிக்கு அந்த வகை ஆகாது.

கோதைப் பிடித்திழுக்கும் கொக்கியின் நகத்தடியில் கரி அப்பிக் கல்லாகும். பல் துலக்கும் பழைய பிறஷ்ஷும் ஒரு மூங்கில் ஈர்க்கும் அதற்குப் போதும். ஸ்லைட்டின் முகப்பில் ஊசி வெளிவரும் துளையைத் துடைக்கும்போது ஸ்லைட்டை முகப்பு கீழே நோக்கப் பிடியுங்கள், அழுக்குச் சொல்வன்ற் உள்ளே ஓடாது.

இனி ஒயில். ஸ்லைட் ஓடும் தண்டவாளங்களுக்கு ஆளுக்கொரு துளி. குழலின் வெளிப்புறத்தில் ஸ்லைட்டோடு உரசிப் பளபளத்த இடங்களில் ஒரு துளியை விரலால் பரப்புங்கள். குழல் தாழ்ந்து மாட்டும் இடத்துக்கு ஒன்று. அவ்வளவுதான். வெளி உலோகத்தை ஒயில் தொட்ட சீலையால் ஒருமுறை தடவிவிடுங்கள், கையில் பிசுபிசுத்தால் கூடிவிட்டது.

ஊசி ஓடும் குழிக்குள் ஒயில் விடாதீர்கள். தூசும் கரியும் சேர்ந்து களியாகி ஊசி மெதுவாக அடிக்கும், கேப்பில் லேசான பள்ளம் மட்டும் விழுந்து ரவை வெடிக்காது. மகசினுக்குள்ளும் விடாதீர்கள், தூசு ஒட்டும், ரவையின் கேப்புக்குள் ஒயில் ஊறினால் ரவையே செத்துவிடும். அறைக்குள் படிந்ததைச் சுடமுன் உலரத் துடைக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 24 பாகைக்குக் கீழே அது உறையும், மாரிகாலக் காலையில் ஸ்லைட் இழுபடாது, நாட்போக்கில் பிசினாகும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கழுவும், ஆனால் காய்ந்தபின் காவல் எதுவும் மிஞ்சாது, மேலே ஒயில் பூசாவிட்டால் முன்னிலும் வேகமாகக் கறள் பிடிக்கும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், நீண்டநாள் ஒயிலுக்கு அது ஈடல்ல. பெற்றோல் தொடவே வேண்டாம்.

உங்கள் கறளுக்கு நாங்கள் சந்தேகப்படும் முதல் ஆள் தோல் உறைதான். பதனிட்ட தோலில் உப்பும் புளிப்பும் உண்டு, ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இடுப்பில் கொண்டுதிரிய உறை, வீட்டில் வைக்கப் பூட்டிய இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, நிறம் மாறும் வகையென்றால் மாறியவுடன் மிதமான சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வாரத்துக்கொருமுறை துடைப்பது நல்லது, சுட்டாலும் சுடாவிட்டாலும். வியர்த்த கையால் தொட்டாலும் அன்றே துடைக்க வேண்டும், விரல்ரேகை அப்படியே கறளில் பதியும்.

பழைய இராணுவ ரவை சில, சுட்டபின் குழலில் ஒருவகை உப்பை விடும். ஒயிலில் அது கரையாது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகுதான் வழக்கமான துப்புரவு.

முடிந்ததும் பூட்டி, வெறுமையென்று மறுபடி பார்த்து, ஸ்லைட்டைச் சில தடவை இழுத்து விடுங்கள். வழுக்கிக்கொண்டு முன்னே வந்து மூட வேண்டும். ஈயப்படிவு கையில் இருக்கும், சவர்க்காரமிட்டுக் குளிர்நீரில் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள்.

ரிவோல்வரின் உருளை திடீரென்று இறுகிச் சுற்ற மறுக்கிறது. என்ன காரணம்?
– வாசகர், மாங்குளம்

பத்தில் எட்டுக்கு எரியாத வெடிமருந்துத்தூள்தான் காரணம். கோதைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் ஓரிரு மணி மாட்டினாலே உருளை பின்னே உயர்ந்து சட்டகத்தில் உரசும். குழல்வாயை மேலே பிடித்தபடி கோதைத் தள்ளினால் தூள் கோதோடு கீழே போய்விடும். வாய் கீழே நோக்கியிருக்கத் தள்ளுவதால்தான் நட்சத்திரத்தடியில் தங்குகிறது. உலர்ந்த பிறஷ்ஷால் அங்கே தட்டிப் பாருங்கள்.

அதுவல்ல என்றால், தள்ளுகம்பி புரி கழன்று நீண்டிருக்கலாம், அல்லது உருளையின் முன்முகத்தில் ஈயம் படிந்து இடைவெளி அடைத்திருக்கலாம். மூன்றும் இல்லையென்றால் ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கவும். பக்கத்தட்டை ஸ்குரூடிரைவர் வைத்து நெம்பித் திறப்பது வேண்டாம்.

பயிற்சித் திடலில் பிஸ்ரல் அடிக்கடி சிக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது?
– வாசகர், நெடுங்கேணி

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். வாயைத் தடுப்புமேட்டை நோக்கியபடியே முப்பது செக்கன் வைத்திருங்கள், மருந்து பிந்திப் பிடிக்கக்கூடும். அதன்பின் மகசினின் அடியைத் தட்டி, ஸ்லைட்டை இழுத்து விடுங்கள். விழுந்த ரவையின் கேப்பைப் பாருங்கள். பள்ளமே இல்லையென்றால் ஊசி தொடவில்லை, ஆழப் பள்ளம் என்றால் ரவை பழுது.

வெற்றுக்கோது ஸ்லைட்டின் வாயில் நிமிர்ந்து மாட்டி நிற்பது பெரும்பாலும் பிடியின் தளர்ச்சி. மணிக்கட்டு இளகினால் துப்பாக்கி முழுவதும் பின்னே போகும், ஸ்லைட் பின்னே ஓடப் பலம் போதாது. பிடி சரியாயிருந்தும் மாட்டினால் கொக்கியைப் பாருங்கள்.

இரண்டு ரவை ஒன்றாக ஏறி முட்டிக்கொண்டால் ஸ்லைட்டைப் பின்னே பூட்டி, மகசினை இழுத்தெடுத்து, ஸ்லைட்டை மூன்று முறை இழுத்து விட்டு, அறையைப் பார்த்த பிறகே மீண்டும் மகசின்.

வழக்கமான சத்தம் இல்லாமல் “பொத்” என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். சன்னம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். மேலே தட்டி இழுக்கச் சொன்ன வழி இங்கே உதவாது. வெறுமையாக்கி, கழற்றி, குழலூடாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

பன்றித் தொல்லை தாங்கவில்லை. வயல்காவலுக்குப் பிஸ்ரல் எடுக்கலாமா?
– வாசகர், துணுக்காய்

இல்லை. பயிர்க் காவலுக்கு மாவட்டச் செயலகம் வழியே விண்ணப்பிப்பது சொட்கனுக்கு. கைத்துப்பாக்கி பாதுகாப்பு அமைச்சின் விடயம். இரண்டும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவன, அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இருட்டில் ஓடும் பன்றிக்கு பிஸ்ரல் உதவவும் உதவாது. கட்டுத்துவக்கு (கம்பியில் தட்டுப்பட்டால் தானே வெடிக்கும்படி கட்டிவைப்பது) பற்றியும் கேட்டிருந்தீர்கள், அது சட்டவிரோதம், விறகுக்குப் போகும் ஆளையும் பன்றியையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

கிணறு வெட்டும்போது கறள் பிடித்த பிஸ்ரல் ஒன்று வந்தது. துருப்பிடித்து இறுகிய சாமான்தானே, எடுத்துக் கழுவிப் பார்க்கலாமா?
– வாசகர், விசுவமடு

தொட வேண்டாம். வெளிக்கறள் உள்ளே இருக்கும் ரவையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பித்தளைக் கோது மண்ணுக்குள் நெடுங்காலம் தாங்கும், மருந்தும் கேப்பும் உயிரோடிருக்கலாம். சுத்தியலோ ஊசியோ இழுபட்ட நிலையில் கறளால் மட்டும் பிடிபட்டு நின்றால், மண்ணைத் தட்டும் ஒரு தட்டுப் போதும். எண்ணெய் விட்டு இளக்குவது அதைவிட மோசம்.

அதோடு, நம்முடைய நிலத்தில் ஒரு பிஸ்ரல் தனியாகக் கிடக்கும் என்று நினைக்க முடியாது. கைக்குண்டு, மிதிவெடி, ரவைப் பெட்டி பக்கத்தில் இருக்கலாம். வெட்டுவதை அப்படியே நிறுத்தி, வந்த காலடி வழியே திரும்பி வாருங்கள். தூரத்தில் தெரியும்படி ஒரு துணியைக் கட்டி, பிள்ளைகளையும் மாடுகளையும் மறித்து, 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் அனுமதிப்பத்திரமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவர் என்ற கணக்கில் போவீர்கள்.

மகசினில் எப்போதும் ரவை நிரப்பி வைத்தால் ஸ்பிறிங் செத்துவிடுமா?
– வாசகர், மல்லாவி

நல்ல ஸ்பிறிங்கை அதிகம் தேயவைப்பது நிரப்புவதும் வெறுமையாக்குவதும்தான், சும்மா அழுந்திக் கிடப்பது அவ்வளவாக இல்லை. மகசின் பழுதாவது வேறிடத்தில்: ரவையைப் பிடித்து நிற்கும் மேல் உதடுகள். நிரப்பிய மகசின் சீமெந்துத் தரையில் விழுந்தால் அவை விரியும், ரவை தூக்கிக்கொண்டு நிற்கும், இரண்டு ஒன்றாக ஏறும். மகசின்களுக்கு நிறப்பூச்சில் இலக்கமிடுங்கள். சிக்கும்போதெல்லாம் அது எந்த இலக்கம் என்று குறித்துவந்தால், பழுது துப்பாக்கியிலா மகசினிலா என்று தெரிந்துவிடும். உதடு விரிந்ததைக் குறட்டால் நெரித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், புதியது வாங்குங்கள்.